பதினேழாம் நம்பர் ரோடு

டொராண்டோவை ஒட்டியுள்ள பிராம்டனில் லோடு ஏற்றினால் வினிபெக் போய்ச் சேர ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து டெல்லி போகிற தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் நாமக்கல் வண்டி டெல்லி போவதற்குள் மாநிலம் மாறும், பாஷை மாறும், டீயின் ருசி மாறும், செக்போஸ்ட்டில் நீட்டுகிற கையின் அளவும் மாறும். இங்கே 2,200-ல் சுமார் 2,000 கிலோமீட்டர் ஒன்டாரியோ என்கிற ஒரே மாகாணம். விடிந்து பார்த்தால் ஒன்டாரியோ, இருட்டினாலும் ஒன்டாரியோ. மறுநாள் எழுந்து பல் தேய்த்தாலும் அதே ஒன்டாரியோதான்.

வண்டி ஓட்டுவது என் சித்தப்பா மகன். சொந்த ஊர் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில். அந்தப் பக்கத்தில் பையன் பத்தாவது தாண்டவில்லை என்றால் கிளீனராக ஏறுவான், தாண்டினாலும் ஏறுவான். பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு போர் போடும் ரிக் வண்டி என்று அந்த வட்டாரமே சக்கரத்தை நம்பித்தான் அடுப்புப் பற்ற வைக்கிறது. தம்பி கிளீனராக ஏறி, லைன் வண்டி ஓட்டி, சில வருஷம் சவூதியில் டிரெய்லர் ஓட்டி, அங்கிருந்து கனடாவுக்கு மனு போட்டவன். சவூதியில் இருந்தபோது பெண்டாட்டியும் குழந்தையும் ஊரில்தான் இருந்தார்கள். பணம் வந்தது, அவன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தான். கனடாவுக்குத்தான் மூன்று பேராகப் போனார்கள். நான் பார்க்க விரும்பியதும் அதைத்தான். லாரி ஓட்டுகிறவன் எங்கே போனாலும் லாரிதான் ஓட்டப்போகிறான். கூடவே போன இரண்டு பேர் என்ன ஓட்டுகிறார்கள்?

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தேன். தம்பி வினிபெக்கிலிருந்து லோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. நம் ஊர் மாதிரி கேபினில் யாரை வேண்டுமானாலும் ஏற்ற முடியாது. இன்ஷூரன்ஸ் காரணமாகக் கம்பெனியின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான்.

பிப்ரவரி மாதத்து விடியற்காலை. யார்டில் நூறு வண்டியாவது நின்றிருக்கும். காதில் விழுந்ததெல்லாம் பஞ்சாபி. கனடாவில் லாரித் தொழிலைத் தோளில் சுமப்பவர்களில் பஞ்சாபிகள் கணிசமான பங்கு. பிராம்டன் அவர்களுடைய நாமக்கல் என்று சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களுமே கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தம்பி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். ஐம்பத்து மூன்று அடி டிரெய்லர், மொத்தம் பதினெட்டு டயர். விளக்கு, டயர் காற்று, பிரேக் ஹோஸ், வண்டியையும் டிரெய்லரையும் பூட்டும் கொக்கி, பின்கதவுச் சீல் எல்லாவற்றையும் பார்த்து, திரையில் ஒவ்வொன்றாக டிக் போட்டான். தினமும் கிளம்பும் முன் இது சட்டப்படி கட்டாயம். வழியில் எடைமேடைக்காரர்கள் நிறுத்தினால் முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான்.

“ஊர்ல இதெல்லாம் கிளீனர் பையன் பார்ப்பான்ல?” என்றேன்.

“இங்க நானே டிரைவர், நானே கிளீனர், நானே ஓனர் திட்டறதையும் கேட்டுக்கறவன்ங்கக்கா” என்றான்.

சிரிப்புக்காகச் சொன்னாலும் அதில் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. நம் ஊரில் ஓட்டுநர் உருவாவது கிளீனர் சீட்டில். நாலைந்து வருஷம் டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, குருநாதரிடம் வசவு வாங்கி, ராத்திரி காலி ரோட்டில் ஸ்டீயரிங் கைக்கு வரும். கனடாவில் அந்தப் பாதை கிடையாது. இந்திய ஹெவி லைசென்ஸைக் காட்டினால் அனுபவத்துக்கு ஒரு மரியாதை கிடைக்குமே தவிர, பெரிய வண்டியின் சாவி கிடைக்காது. முதலில் கார் லைசென்ஸ், பிறகு எழுத்துத் தேர்வு, ஏர் பிரேக் தேர்வு, அதன்பின் கட்டாயப் பயிற்சி. ஒன்டாரியோவில் 103.5 மணி நேரம். அங்கே 2017 ஜூலையிலேயே வந்துவிட்டது. வினிபெக் இருக்கிற, தம்பி லைசென்ஸ் எடுத்த மானிட்டோபா மாகாணத்தில் 121.5 மணி நேரம். அங்கே வந்தது 2019 செப்டம்பரில்.

இடையில் நடந்த ஒரு விபத்துதான் மேற்கு மாகாணங்களை உலுக்கியது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஒரு நாற்சந்தியில், ஹம்போல்ட் ஊரின் இளைஞர் ஹாக்கி அணி சென்ற பஸ் ஒரு லாரியோடு மோதி 16 பேர் இறந்தார்கள். நிறுத்தற்குறியில் நிற்காமல் வந்த லாரி அது. ஓட்டியவர் இந்தியாவிலிருந்து குடியேறிய இளைஞர். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. எட்டு வருஷச் சிறைத்தண்டனை. தம்பி இதைச் சொல்லும்போது அந்தப் பையன்மேல் பழி போடவும் இல்லை, பரிந்து பேசவும் இல்லை. “ரெண்டு வாரத்துல ஒருத்தன் கையில இவ்வளவு பெரிய வண்டியக் குடுத்தாங்களே, அவங்கள என்ன பண்றதுங்க” என்று மட்டும் கேட்டான். எனக்கும் அதே கேள்விதான்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். டேஷ்போர்டில் ஒரு சின்னத் திரை. எஞ்சினோடு இணைந்தது, வண்டி நகர்ந்தால் அதுவே மணிக்கணக்கு எழுத ஆரம்பித்துவிடும். ஒரு நாளில் 13 மணி நேரம்தான் ஓட்டலாம். ஏற்றுவது, இறக்குவது, டீசல் போடுவது எல்லாம் சேர்த்து வேலை 14 மணி நேரம். தொடர்ச்சியாக எட்டு மணி நேரமாவது ஓய்வு எடுக்க வேண்டும். ஏழு நாளில் 70 மணி நேரம் முடிந்துவிட்டால் 36 மணி நேரம் வண்டியைத் தொடாமல் இருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். முன்பு காகிதத்தில் எழுதினார்கள்; காகிதம் எழுதுகிறவன் சொன்னபடி கேட்கும். 2023 ஜனவரியிலிருந்து திரை இல்லாமல் ஓட்டினால் தண்டனை. “மாமூல் வாங்க ஆளே இல்லீங்க. இந்தப் பொட்டிதான் போலீசு. இதுகிட்டப் பேசவும் முடியாது, டீ வாங்கிக் குடுக்கவும் முடியாது.”

சட்பரி வரை ரோடு அகலமும் கலகலப்புமாகத்தான் இருக்கிறது. நிக்கல் சுரங்க ஊர். ஒன்பது மீட்டர் உயர நாணயம் ஒன்றைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பதினேழாம் நம்பர் ரோட்டின் குணம் தெரிய ஆரம்பிக்கிறது. இது டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையின் பகுதி. கடலிலிருந்து கடல்வரை 7,800 கிலோமீட்டர் என்று பெருமையாகச் சொல்கிற அந்தச் சாலை, இந்தப் பகுதியில் பெரும்பாலும் இரண்டே தடம். போக ஒன்று, வர ஒன்று. நாற்பது டன் வண்டி எதிரே வரும்போது நடுவில் இருப்பது மஞ்சள் பெயின்ட் மட்டும்தான். பனிமூட்டத்தில் அந்தப் பெயின்டும் தெரியாது. நம் ஊர் நாலுவழிச் சாலையில் இன்றைக்கு ஓட்டுகிறவர்கள் இதைப் பார்த்தால், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்பார்கள்.

சூ செயின்ட் மரீ தாண்டியதும் இடப்பக்கம் சுப்பீரியர் ஏரி. பரப்பளவில் உலகிலேயே பெரிய நன்னீர் ஏரி, 82,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். கரையோரம் உறைந்து, நடுவில் கறுத்த தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. அழகு என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி வானத்தைப் பார்த்து, “இந்தத் தண்ணியிலிருந்து எந்திரிக்கிற ஈரம்தான் நம்ம தலையில பனியாக் கொட்டும்” என்றான். லாரிக்காரனோடு பயணம் செய்தால் இயற்கை வர்ணனைக்கு இவ்வளவுதான் இடம்.

சாலையோரம் மூஸ் என்கிற காட்டுமானின் படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள். குதிரையைவிட உயரம், நீண்ட கால்; கார் மோதினால் உடம்பு நேராக முன்கண்ணாடிமேல் விழும். லாரிக்கே ரேடியேட்டர் நசுங்கும். மங்கல் வெளிச்சத்தில் கறுப்புத் தோலோடு அசையாமல் நிற்கும். குண்டடம் பக்கம் ராத்திரியில் எருமை குறுக்கே நிற்பதைப் பழகியவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை என்று சொன்னான். ஆனால் சொல்லும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

வாவா என்ற சிற்றூருக்கு வந்தபோது ரோட்டை மூடிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு தடுப்புக்கம்பி, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முன்னே எங்கேயோ இரண்டு வண்டி மோதிக்கொண்டு குறுக்கே நிற்கின்றன, பனியும் கொட்டுகிறது, எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாவாவில் ஒரு பிரம்மாண்டமான வாத்துச் சிலை இருக்கிறது. 1960-இல் இந்தச் சாலையின் விட்டுப்போன துண்டு இணைந்தபோது முதன்முதலில் வைத்தது. அதுவரை இந்தக் கரையில் சாலையே முழுமையாக இல்லை. அந்த வாத்தைப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் நின்ற லாரிக்காரர்கள் எத்தனை ஆயிரமோ. நாங்களும் வரிசையில் சேர்ந்தோம்.

வெளியே மைனஸ் 28. கேபினுக்குள் சூடு. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு அடுக்குப் படுக்கை, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், ஒரு குட்டி ரைஸ் குக்கர். தம்பி மனைவி சாம்பாரையும் கோழிக் குழம்பையும் டப்பா டப்பாவாக உறையவைத்து, ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதி ஒட்டி அனுப்பியிருந்தாள். வியாழக்கிழமை டப்பாவைச் சூடு பண்ணினோம். ஜன்னலுக்கு வெளியே எலும்பு உறையும் குளிர் நிற்க, எங்கள் ஊர்ப்பக்கத்து அரப்பளீஸ்வரர் கோயில் படையல் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். நின்ற நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். பெரும்பாலான நெடுந்தூர ஓட்டுநர்களுக்கு இங்கே மைல் கணக்கில்தான் கூலி. சக்கரம் உருண்டால்தான் காசு. ரோடு மூடினால் சில கம்பெனிகள் ஏதோ கொடுக்கும், சில கம்பெனிகள் அனுதாபம் கொடுக்கும்.

அன்றைய இரவில்தான் அவன் வந்த கதையை முழுசாகச் சொன்னான். எங்கள் பக்கத்தில் கனடா லாரி வேலைக்கு ஏஜென்டுகள் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். பதினைந்து, இருபது என்று ஆளைப் பார்த்து ஏறும். எதற்கு என்றால் ‘எல்.எம்.ஐ.ஏ.’ வாங்கித் தருவதற்கு. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளிநாட்டு ஆளை எடுக்கலாம் என்று கனடா அரசு முதலாளிக்குத் தரும் சான்று அது. அதற்கு ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம், அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. தொழிலாளியிடம் அந்தப் பணத்தையோ ஆள்சேர்ப்புக் கட்டணத்தையோ வசூலிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அப்படியானால் அந்த இருபது லட்சம் எங்கே போகிறது? நடுவில் இருப்பவர்களின் பைக்குத்தான். அந்தச் சான்றுக்கு இன்னொரு மவுசும் இருந்தது: நிரந்தர வசிப்புரிமைப் புள்ளிக்கணக்கில் கூடுதல் புள்ளி கிடைத்தது. 2025 மார்ச்சில் அந்தப் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஊரில் ஏஜென்டின் விலை இறங்கியதாகத் தெரியவில்லை.

தம்பி சவூதியில் சேர்த்ததை வைத்துக்கொண்டு நேரடியாக விண்ணப்பித்துத்தான் வந்தான். இருந்தும் முதலில் சேர்ந்த கம்பெனி (பெயர் வேண்டாம்) வேறு வழியில் பிடித்தது. சம்பளச் சீட்டில் ஒரு தொகை இருக்கும். அதில் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மணிக்கணக்குத் திரையில் தில்லுமுல்லு செய்யவும் சொன்னார்கள். அவனுடைய பர்மிட் அந்த ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வெளியே போனால் நாட்டிலேயே இருக்க முடியாது என்ற பயம். இந்தப் பயம்தான் அந்த முதலாளிகளின் மூலதனம். ஒரு பஞ்சாபி ஓட்டுநர்தான் சொல்லியிருக்கிறார்: முதலாளியால் கொடுமைப்படுத்தப்படுகிறவர்களுக்கு எங்கும் வேலை செய்யக்கூடிய திறந்த பர்மிட் கொடுக்கும் ஏற்பாடு 2019 ஜூனிலிருந்து இருக்கிறது என்று. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, மிரட்டிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து மனு போட்டான். கிடைத்தது.

மனுவை எழுதியது யார் என்று கேட்டேன். “அவதாங்க” என்றான். ராசிபுரத்தில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள். அவள் மட்டும் ஊரில் இருந்திருந்தால் இவன் இன்னமும் அந்தக் கம்பெனிக்கு ரொக்கம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

விடிகாலை நாலு மணிக்குத் தடுப்பைத் திறந்தார்கள். ஒயிட் ரிவரில் டீசல். சின்ன ஊர், ஒரு கரடிப் பொம்மைச் சிலை. 1914-இல் ராணுவக் கால்நடை மருத்துவர் ஒருவர் ரயில் நின்றபோது இங்கே ஒரு கரடிக்குட்டியை 20 டாலருக்கு வாங்கி, தன் ஊரான வினிபெக்கின் பெயரையே அதற்கு வைத்தார். லண்டன் மிருகக்காட்சிசாலையில் வளர்ந்த அந்த ‘வின்னி’தான் பிற்பாடு உலகக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த வின்னி த பூ. தம்பியின் ஒன்பது வயது மகளுக்கு அப்பா ஒயிட் ரிவர் தாண்டும்போதெல்லாம் அந்தச் சிலையின் புகைப்படம் அனுப்ப வேண்டும். பனி மூடியது, பாதி கரைந்தது, வெயிலில் நிற்பது என்று ஒரே சிலையின் படங்கள் அவள் டேப்லெட்டில் வரிசையாக இருக்கின்றன. அப்பா எங்கே இருக்கிறார் என்பதற்கு அவளிடம் உள்ள ஆதாரம் அது.

அடுத்து நிப்பிகன் பாலம். இதைத் தாண்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கனடாவின் கிழக்கையும் மேற்கையும் சாலைவழி இணைப்பது இந்த ஒரே இடம். இது அடைத்துக்கொண்டால் நாட்டுக்குள்ளேயே மாற்றுவழி கிடையாது. அமெரிக்காவுக்குள் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். 2016 ஜனவரி 10 அன்று அதுதான் நடந்தது. புதுப் பாலம், திறந்து ஆறேழு வாரம்கூட ஆகவில்லை; போல்ட்டுகள் முறிந்து தளம் ஒரு முனையில் தூக்கிக்கொண்டது. நாடே இரண்டு துண்டாக நின்றது. கனடியன் அல்லது அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் தெற்கே சுற்றிப் போனார்கள். “நம்மள மாதிரி இந்தியப் பாஸ்போர்ட் ஆளுக்கு அமெரிக்க விசாவும் இல்லைன்னா, பாலம் கட்டற வரைக்கும் இட்லி சுட்டுட்டு இங்கயே உட்கார வேண்டியதுதாங்க.”

தண்டர் பே நகருக்கு வெளியே மேட்டில் டெர்ரி ஃபாக்ஸ் சிலை. புற்றுநோயில் ஒரு காலை இழந்த இளைஞர், செயற்கைக் காலோடு கிழக்குக் கடற்கரையிலிருந்து தினமும் ஒரு மராத்தான் தூரம் ஓடி வந்து, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்து, 1980 செப்டம்பர் 1 அன்று இதற்கு அருகில் நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறு வருஷம் இறந்தார். இதே ரோட்டை, இதே ஏற்ற இறக்கத்தை, குண்டு குஷன் சீட்டில் உட்கார்ந்து வந்ததற்கே எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. சிலை முன்னால் ஐந்து நிமிடம் நின்றோம். காற்று அதற்குமேல் விடவில்லை.

தண்டர் பேவுக்கு மேற்கே மணி ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. பிறகு காடு, பாறை, உறைந்த குளம். காடு, பாறை, உறைந்த குளம். கெனோரா தாண்டி மானிட்டோபாவுக்குள் சற்றுத் தூரம் போனதும் ரோடு நாலுவழியாகி, காடு ஒதுங்கி, பூமி தட்டையாகிவிடுகிறது. ஒரு தாபாவில் பராத்தாவும் பருப்பும் சாப்பிட்டோம். பரிமாறிய பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, மதராசா என்று கேட்டுத் தயிர் ஒரு கிண்ணம் கூடுதலாக வைத்தார்.

வினிபெக்கில் வீடு இரண்டாம் மாடியில் ஓர் அடுக்ககம். கீழே நிறுத்தியிருந்த கார்களின் மூக்கிலிருந்தெல்லாம் மின்வயர் தொங்கியது. ராத்திரி பிளக்கில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்திருக்காவிட்டால் காலையில் கிளம்பாது. கதவைத் திறந்த தம்பி மனைவி, “வாங்கண்ணி, ரோடு மூடிட்டாங்கன்னு சொன்னாரு, பயந்துட்டேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை. தம்பி குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். 36 மணி நேரம் கழித்துத் திரும்ப வண்டி ஏற வேண்டும். அந்த 36 மணி நேரத்தில் பாதி தூக்கம்.

அவன் தூங்கியபோதுதான் நான் வந்த விஷயம் தொடங்கியது.

ஊரில் இருந்தபோதும் அவன் மாதத்தில் இருபது நாள் வெளியில்தான். அப்போது என்ன வித்தியாசம் என்று அவளிடம் கேட்டேன். “அப்ப அவரு இல்லைங்கறது எனக்குத் தெரியவே தெரியாதுங்கண்ணி” என்றாள். மாமியார் இருந்தார், பக்கத்து வீட்டு அத்தை இருந்தார், பால்காரர், ஆட்டோக்காரர், தெருமுனைக் கடை எல்லாம் இருந்தன. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாலு பேர் நாலு கஷாயத்தோடு வருவார்கள். இங்கே வந்த முதல் குளிர்காலம், அவன் ரோட்டில், குழந்தைக்கு 103 டிகிரி. பஸ் ஸ்டாப் பத்து நிமிட நடை. காற்றின் குளிரையும் சேர்த்து மைனஸ் 40-ஐத் தொட்டால், மூடாத தோல் பத்து நிமிடத்துக்குள் உறைந்துவிடலாம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டாக்ஸி ஒன்று வரத்தான் செய்தது, ஒரு மணி நேரம் கழித்து. அந்த மாதமே அவள் டிரைவிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டாள்.

வேலைக்குப் போவது இன்னொரு முடிச்சு. மானிட்டோபா சட்டப்படி 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தக்க கண்காணிப்பு இல்லாமல் தனியே விடக் கூடாது. கணவன் எந்த நாள், எந்த மணிக்கு வருவான் என்று பதினேழாம் நம்பர் ரோடு முடிவு செய்கிறது. ஆகவே அவள் வேலை பள்ளி நேரத்துக்குள் அடங்க வேண்டும். கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கூடுதல் சம்பளம் கிடைத்தும் விட்டுவிட்டு, ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறாள். அந்த வேலைக்கே அவளிடம் பர்மிட் இருந்தது அதிர்ஷ்டம். அவர்கள் வந்த காலத்தில் இந்தத் தொழிலில் இருப்பவரின் துணைக்குத் திறந்த பர்மிட் கிடைத்தது. 2025 ஜனவரி 21-க்குப் பிறகு அந்தக் கதவு குறுகிவிட்டது. கணவனின் தொழில் அரசு பட்டியலில் உண்டா, அவன் பர்மிட்டில் இன்னும் 16 மாதமாவது பாக்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஒற்றைச் சம்பளத்தில் வாடகையும் கார் இன்ஷூரன்ஸும் கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். அரசு தரும் குழந்தைப் படி, தற்காலிக பர்மிட்டில் இருப்பவர்களுக்கு வந்த நாளிலிருந்து கிடைக்காது. தொடர்ந்து 18 மாதம் இங்கே வசித்த பிறகுதான். பள்ளிக்கூடம் இலவசம். ஏஜென்டின் விளம்பரத்தில் இதில் கடைசி வரி மட்டும்தான் இருக்கும்.

மாமியாரை அழைத்துக்கொள்ள முடியாதா என்றேன். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து வருஷம்வரை தங்கலாம். ஆனால் அழைப்பவர் நிரந்தர வசிப்புரிமையாவது பெற்றிருக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஒரு வருஷ உள்ளூர் அனுபவமும் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். தம்பி பேசுவான், கேட்டுப் புரிந்துகொள்வான், எழுதத்தான் வராது. அவன் ரோட்டில் இருக்கும்போது அவள் போனில் கட்டுரைத் தலைப்பு சொல்வாள். அவன் வண்டியை நிறுத்தியதும் எழுதிப் படம் எடுத்து அனுப்புவான். அவள் சிவப்பு மையில் திருத்துவாள். சமீபத்தில்தான் தேறியிருக்கிறான். மதிப்பெண் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில், மகளின் ரிப்போர்ட் கார்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

மகள் என்னை உறைந்த ஆற்றுக்கு அழைத்துப் போனாள். வினிபெக்கில் ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடும் இடத்தில், குளிர்காலத்தில் ஆற்றின் மேலேயே சறுக்குப்பாதை போடுகிறார்கள். அவள் என்னைக் கரையில் நிற்க வைத்துவிட்டு வழுக்கிக்கொண்டு போய் வந்தாள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டதற்கு, பாட்டியை இங்கே கூட்டிவந்தால் போதும் என்றாள். அவளுக்கு இது வெளிநாடு இல்லை.

தம்பியின் அடுத்த திட்டம், வசிப்புரிமைத் தாள் வந்ததும் நெடுந்தூரத்தை விட்டுவிட்டு நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு மாறுவது. வருமானம் குறையும், தினமும் வீட்டுக்கு வரலாம். அவன் ‘குறையும்’ என்பதில் நிறுத்தினான். அவள் ‘வரலாம்’ என்பதிலிருந்து தொடங்கினாள். அவள் பக்கம்தான் ஜெயிக்கும் என்று எனக்குத் தோன்றியது, ஜெயிக்கவும் வேண்டும். பணம் சவூதியிலேயே கிடைத்தது. சேர்ந்து இருப்பதற்காகத்தானே மூன்று டிக்கெட் எடுத்தார்கள்.

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இதைப் படிக்கிற ஓட்டுநர் யாராவது கிளம்பும் யோசனையில் இருந்தால், வண்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது கைக்கு வந்துவிடும். முதலாளி கட்ட வேண்டிய பணத்தை உங்களிடம் கேட்கிற ஏஜென்டை வாசலோடு அனுப்புங்கள். துணைக்கு வேலை பர்மிட் கிடைக்குமா என்பதைக் கனடா அரசின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், அடுத்தவர் சொல்வதை நம்பாதீர்கள். வாரத்தில் எத்தனை இரவு வீட்டில் படுப்பேன் என்பதைச் சம்பளம் பேசும் முன்பே கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே, வீட்டில் இருப்பவரை ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவருக்குத்தான் முதலில் கார் தேவைப்படும்.